வாசகர் கேள்வி-பதில்: பொன்னாடை இருக்கட்டும், பெயரைச் சரியாகப் போடுங்கள்

பழைய மாணவர் சங்கங்கள் பலவும் இப்போது தங்கள் பள்ளியின் அந்தக்கால ஓட்டக்காரர்களையும் பந்தாட்டக்காரர்களையும் தேடிப்பிடித்து மேடையேற்றிக் கொண்டிருக்கின்றன போலிருக்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். சரி, ஒரே மூச்சில் பார்த்துவிடுவோம்.

கேள்வி: எங்கள் உயர்நிலைப்பள்ளியின் முன்னாள் விளையாட்டாளர்களை ஓர் இரவு விருந்தில் கௌரவிக்கப் போகிறோம். "விளையாட்டிலும் பிற்கால வாழ்விலும் சாதித்தவர்கள்" என்பதுதான் தகுதி. 1970களில் பள்ளிகளுக்கிடையிலான 4x100 அஞ்சலோட்டத்தில் எங்களுக்குத் தங்கம் வாங்கித் தந்த நால்வரில் ஒருவர் பிறகு போதைப்பொருள் வழக்கில் சிறைக்குப் போய் வந்தவர். இப்போது ஒழுங்காக வேலை பார்க்கிறார், குடும்பமும் சேர்ந்துவிட்டது. ஆனாலும் மூவரை மட்டும் கூப்பிட்டால் போதும் என்கிறார்கள் குழுவில் சிலர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
*– ஏற்பாட்டுக் குழு உறுப்பினர், தோ பாயோ*

பதில்: நால்வரையும் கூப்பிடுங்கள். மூன்று பேர் ஓடினால் 300 மீட்டர்தான் வரும், அதற்கு யாரும் தங்கம் கொடுப்பதில்லை.

உங்கள் குழுவின் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. அரங்கத்தில் இன்றைய மாணவர்கள் இருப்பார்கள், முதல்வர் இருப்பார், யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். ஆனால் அவருடைய கதையை நீங்கள் மேடையில் சொல்லவே வேண்டியதில்லையே. பெயர், ஓட்டம், ஆண்டு, நேரம், இவ்வளவும் நால்வருக்கும் பொது. அதை வாசித்தால் போதும். சிங்கப்பூரில் மஞ்சள் ரிப்பன் திட்டம் 2004இல் தொடங்கியது. சிறையிலிருந்து வெளியே வந்தவருக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுங்கள் என்று இரு பத்தாண்டுகளுக்கு மேலாகச் சட்டையில் ரிப்பன் குத்திக்கொண்டிருக்கிறோம். ஒரு விருந்து மேசையில் நாற்காலி போடக்கூட முடியாது என்றால் அந்த ரிப்பனைக் கழற்றி வைத்துவிடலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அவரைக் கூப்பிடுகிறோம் பேர்வழி என்று சோக இசையோடு ஒரு காணொளி போட்டு, "இருளிலிருந்து ஒளிக்கு" என்று தலைப்பு வைத்துவிடாதீர்கள். அது அவமானத்தையே அலங்காரம் செய்து காட்டுவது. முதலில் அவரிடம் கேளுங்கள். குழுவின் செயலாளர் மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம்; அன்று அவருக்குக் கோலைக் கொடுத்தவரோ அவரிடமிருந்து வாங்கியவரோ போன் செய்யட்டும். வர விருப்பமா, தன்னைப் பற்றி என்ன எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று அவரே சொல்வார். வர மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள், ஆனால் பெயர் பட்டியலில் இருக்கட்டும்.

எனக்கு உறுத்துவது உங்கள் தகுதி வாசகம்தான். "பிற்கால வாழ்விலும் சாதித்தவர்" என்றால் யார்? மருத்துவர், வழக்கறிஞர், நிறுவன இயக்குநர், இப்படித்தானே பட்டியல் போகும்? எடுத்துக்காட்டுகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுகளில் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் மலேசியாவின் மணி ஜெகதீசனும் நம் சி. குணாளனும் கிட்டத்தட்ட ஒன்றாகவே கோட்டைத் தொட்டார்கள், இருவருக்கும் 10.5 வினாடி, படத்தைப் பார்த்துத்தான் தங்கம் ஜெகதீசனுக்கு, வெள்ளி குணாளனுக்கு என்று முடிவு செய்தார்கள். ஜெகதீசன் மருத்துவரானார், "பறக்கும் மருத்துவர்" என்றே பெயர் வாங்கினார். குணாளன் ஆசிரியர், பின்னர் உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் வேலையில் இருந்தார். உங்கள் படிவத்தில் மருத்துவருக்கு உடனே "ஆம்" விழும். ஆசிரியருக்குக் குழு கொஞ்சம் யோசிக்கும், அவர் குணாளன் என்று தெரியாவிட்டால். பேருந்து ஓட்டியவருக்கோ, சந்தையில் மீன் விற்றுக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பையன்களுக்குப் பந்து சொல்லிக் கொடுத்தவருக்கோ யோசிக்கக்கூட மாட்டார்கள். அந்த வாசகத்தில் "பிற்கால வாழ்வு" என்பதை எடுத்துவிடுங்கள். விளையாட்டுக்காகக் கூப்பிடுங்கள். பிறகு என்ன செய்தார் என்பதை ஒவ்வொருவரும் தம் வாயால் இரண்டு நிமிடம் சொல்லட்டும், அதுதான் அந்த இரவின் சுவாரசியமே.

கேள்வி: என் தாத்தா 1963இல் பள்ளிப் போட்டியில் "நூறை 10.2 வினாடியில் ஓடினேன்" என்கிறார். அது தேசிய சாதனையைவிட வேகமாக இருக்கிறதே! தாத்தா கதை விடுகிறாரா? அவருடைய பழைய பள்ளி அவரைக் கௌரவிக்கப் போகிறது, அறிமுக உரை எழுதுவது நான்தான்.
*– தொடக்கக்கல்லூரி மாணவி, ஈசூன்*

பதில்: தாத்தா கதை விடவில்லை கண்ணு, அலகைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் இங்கே பள்ளிப் பந்தயங்கள் யார்டு கணக்கில் நடந்தன. 100 யார்டு என்றால் 91.44 மீட்டர். மிச்சமிருக்கும் எட்டரை மீட்டரை முழு வேகத்தில் கடக்க அவருக்குக் கிட்டத்தட்ட 0.9 வினாடி பிடித்திருக்கும், ஆக 11.1. அதுவும் ஓர் ஆசிரியர் கடிகாரத்தைக் கையால் அழுத்தி எடுத்த நேரம். துப்பாக்கிப் புகையைப் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்துவதற்குள் கொஞ்ச நேரம் போய்விடும்; அதனால் குறுந்தூர ஓட்டங்களில் கைநேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடும்போது 0.24 வினாடி கூட்டிக்கொள்வது வழக்கம். எல்லாம் சேர்த்தால் இன்றைய கணக்கில் 11.3க்குப் பக்கத்தில் வரும். புல் திடலில், சிறப்புக் காலணி இல்லாமல் ஓடியிருந்தால் அது இன்னும் பெரிய விஷயம். அதையும் கேட்டு எழுதிக்கொள்.

ஒப்பிட வேண்டுமென்றால் இதைச் சொல்: குணாளன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஓடிய 10.38 வினாடி 33 ஆண்டுகள் தேசிய சாதனையாக நின்றது. 2001இல் யு.கே. ஷியாம் 10.37 ஓடி அதை முறியடித்தார், வித்தியாசம் நூற்றில் ஒரு பங்கு வினாடி! அதுவும் 22 ஆண்டுகள் நின்று, 2023இல் மார்க் பிரையன் லூயிஸ் 10.27 ஓடிய பிறகுதான் போனது. இந்தப் பட்டியலுக்கு முன்னால் நின்று "என் தாத்தா 10.2" என்று வாசித்தால் அரங்கத்தில் முதலில் சிரிப்பவர் தாத்தாவாகத்தான் இருப்பார். "100 யார்டு, 10.2 வினாடி, கையால் எடுத்த நேரம்" என்று எழுது, யாரும் வாய் திறக்க முடியாது.

ஆதாரம் வேண்டுமா? தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி இணையத்தளத்தில் பழைய நாளேடுகள் கிடக்கின்றன, ஆங்கில நாளேடுகளோடு தமிழ் முரசும் உண்டு. பள்ளி விளையாட்டு விழா முடிவுகளைச் சின்ன எழுத்தில் பத்தி பத்தியாகப் போட்டிருப்பார்கள். ஒரே ஒரு தொல்லை: நம் பெயர்களை ஆங்கிலத்தில் அன்று யார் எப்படி எழுதினார்கள் என்று சொல்லவே முடியாது. தலைப்பெழுத்து இருக்கும், இல்லாமலும் இருக்கும். "த" ஒரு நாள் "ட"வாகியிருக்கும். அப்பா பெயரே ஓட்டக்காரரின் பெயராக அச்சாகியிருக்கும். பெயரை வைத்துத் தேடாமல் பள்ளியின் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடு. கிடைத்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தாத்தாவிடம் காட்டு, அறிமுக உரைக்குத் தேவையான மீதியை அவரே கொட்டிவிடுவார்.

கேள்வி: நான் படித்த பள்ளியே இப்போது இல்லை. மற்றப் பள்ளிக்காரர்கள் எல்லாம் பழைய வீரர்களை அழைத்து மாலை போடுகிறார்கள். எங்களை யார் அழைப்பார்கள்?
*– வாசகர், உட்லண்ட்ஸ்*

பதில்: யாரும் அழைக்க மாட்டார்கள், நீங்கள்தான் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ள வேண்டும். கசப்பாகத்தான் இருக்கிறது. சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப்பள்ளியான உமறுப் புலவர் 1960இல் உயர்நிலை வகுப்புகளைத் தொடங்கி 1982இல் மூடப்பட்டது. அங்கே ஓடியவர்களும் உதைத்தவர்களும் இன்று அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இருப்பார்கள். மூடியவை, வேறு பள்ளியோடு சேர்க்கப்பட்டவை என்று இந்தப் பட்டியல் நீளமானது. இணைக்கப்பட்ட பள்ளி என்றால் புதிய பள்ளிக்கு ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள்; சில பள்ளிகள் பழைய கேடயங்களையும் புகைப்படங்களையும் மரபுடைமை மூலையில் வைத்திருக்கின்றன, சில பெட்டியில் கட்டி வைத்திருக்கின்றன. மூடப்பட்ட பள்ளி என்றால் ஒரு சமூக மன்ற அறை, இருபது நாற்காலி, கையில் இருக்கும் குழுப்படங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக இப்போதே பின்பக்கம் பென்சிலில் எழுதிவிடுங்கள். இன்னும் சில ஆண்டுகள் போனால் பின்வரிசையில் நிற்பவர் யார் என்று சொல்ல ஆள் இருக்காது. நன்றாக நினைவு வைத்திருக்கும் ஒருவர் இருந்தால் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 62 வயது. பள்ளியில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 200 மீட்டரில் நான்தான் முதல். 21இல் திருமணம், அதன் பிறகு பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. இப்போது பள்ளி விருது தருகிறதாம். அனுப்பிய படிவத்தில் "பிற்காலச் சாதனைகள்" என்று அரைப்பக்கம் காலியாக விட்டிருக்கிறார்கள். மூன்று பிள்ளைகளை வளர்த்தேன், மாமியாரை அவர் போகும்வரை பார்த்துக்கொண்டேன். இதையா எழுதுவது? போகாமலே இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது.
*– இல்லத்தரசி, ஜூரோங் வெஸ்ட்*

பதில்: போங்கள் அம்மா. அந்த அரைப்பக்கத்தில் நீங்கள் எனக்கு எழுதியதையே அப்படியே எழுதுங்கள், பேருந்து வரியையும் சேர்த்து. அச்சில் வந்தால் அதைத்தான் எல்லாரும் முதலில் வாசிப்பார்கள்.

நீங்கள் ஓடிய தூரத்துக்கு இந்த ஊரில் ஒரு தனி வரலாறு உண்டு. 1973இல் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகள் (இன்றைய தென்கிழக்காசிய விளையாட்டுகளின் பழைய பெயர்) இங்கே நடந்தபோது ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டிருந்த குளோரி பர்னபாஸ் 200 மீட்டரில் தங்கம் வென்றார், அதுவும் பர்மா வீராங்கனையோடு மயிரிழையில். அடுத்து அந்தப் பந்தயத்தில் ஒரு சிங்கப்பூர்ப் பெண் தங்கம் வாங்க 42 ஆண்டுகள் ஆயின. 2015இல் சாந்தி பெரேரா. அதே சாந்திதான் 2023இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளிலும் 200 மீட்டர் தங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். குளோரி அம்மையார் வயது ஏறிய பிறகும் மூத்தோர் போட்டிகளில் ஓடிக்கொண்டிருந்தவர். உங்களையும் ஓடச் சொல்லவில்லை, முழங்கால் என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். இடையில் இருந்த அந்த 42 ஆண்டுகளில் பள்ளித் திடல்களில் முதலாவதாக வந்துவிட்டு 21 வயதில் நிறுத்திக்கொண்ட பெண்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பார்க்கிறேன். பெண் ஓடினால் கறுத்துவிடுவாள், வரன் அமையாது என்று சொன்ன வீடுகள் நம் பக்கத்தில் குறைவா? அப்படியும் 1983இல் இங்கே நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் நெடுந்தொலைவோட்ட (மாரத்தான்) தங்கத்தைக் கே. ஜெயமணி வென்றார் என்பது வேறு விஷயம், அது எல்லாருக்கும் வாய்க்கவில்லை.

பிள்ளைகள் மூவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மா ஓடுவார் என்பது அவர்களுக்குத் தெரியுமா என்ன?

கேள்வி: பள்ளியில் எப்போதும் நான்காவதாகவே வந்த எங்களைப் போன்றவர்களை யாரும் கௌரவிப்பதில்லையே, ஏன்?
*– வாசகர், பொங்கோல்*

பதில்: மேடையில் மூன்று படிதான் இருக்கிறது, என்ன செய்வது! ஆனால் பள்ளி முடிவு கடைசி முடிவில்லை. குணாளன் அடிப்படையில் காற்பந்தாட்டக்காரர். பயிற்றுநர் டான் எங் யூன் கண்ணில் பட்டு, இருபது வயதை ஒட்டித்தான் முறையாக ஓடப் பழகினார். நீங்களும் முயலலாமே என்று எழுத வந்தேன், உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் வயது 48 என்று இருக்கிறது. நடைப்பயிற்சிக்கு வாழ்த்துகள்.

கேள்வி: உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகன் வாரத்தில் மூன்று நாள் திடல்தடப் பயிற்சிக்குப் போகிறான். துணைப்பாடத்துக்கு நேரம் இல்லை. நிறுத்திவிடலாமா?
*– தாயார், செங்காங்*

பதில்: எதை, துணைப்பாடத்தையா? அதை நிறுத்தலாம். விளையாட்டாகச் சொல்லவில்லை, அவனுக்கு எந்தப் பாடத்தில் உண்மையிலேயே தடுமாற்றம் என்று பார்த்து அதற்கு மட்டும் ஏற்பாடு செய்யுங்கள். 18 வயதில் தேசிய சேவை வந்துவிடும், அதற்குள் அவனுக்கு மிச்சம் நான்கு ஆண்டுகள். ஓட்டத்தில் பேர் வாங்காமல் போகலாம், பெரும்பாலானோர் வாங்குவதில்லை. அதனால் இப்போதே ஒன்றும் கெட்டுப்போய்விடாது.

கேள்வி: விருது விழாவில் என்ன கொடுப்பது? பொன்னாடையா, கேடயமா, பண உறையா?
*– மறுபடியும் அதே தோ பாயோ குழுவிலிருந்து இன்னொருவர்*

பதில்: முழுப்பெயர், பந்தயம், ஆண்டு, நேரம் நான்கையும் பிழையில்லாமல் அச்சடித்துச் சட்டம் போட்ட ஒரு தாள். வசதி குறைந்தவர்களுக்கு உறை, ஆனால் மேடையில் வேண்டாம், வீட்டுக்குப் போய். கேடயத்தை வைக்க நான்கறை வீட்டில் இடமில்லை. பொன்னாடை எப்படியும் அடுத்த மாதம் வேறொருவர் தோளுக்குப் போய்விடும், அதை வாங்கும் காசைச் சாப்பாட்டில் போடுங்கள். சிறப்பு விருந்தினர் பேச்சைப் பத்து நிமிடத்தில் முடித்து எட்டு மணிக்கெல்லாம் இலை போட்டுவிடுங்கள், வருபவர்களில் பாதிப் பேருக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை இருக்கும்.