‘பிரெஜுடிஸ்ட்’ ஆளுக்கு, ‘பிரெஜுடிஷியல்’ முடிவுக்கு

கேள்வி: வெருகலில் 6 வருடம் படிப்பித்துவிட்டேன். இந்த முறை இடமாற்றப் பட்டியலில் மறுபடி ஈச்சிலம்பற்றுப் பக்கமே போட்டிருக்கிறார்கள். அங்கே 2 வருடம் மட்டும் இருந்த இன்னொருவர் நகரத்துக்கு வந்துவிட்டார். மேன்முறையீட்டைக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கத்தில் ஒரு கடையில் ஆங்கிலத்தில் எழுதக் கொடுத்தேன். 4 பக்கம். அதில் ‘தி டிரெக்டர் இஸ் பிரெஜுடிஷியல்’ என்றும், ‘டிஸ்கிரிமினேட்டிங் டிரான்ஸ்ஃபர்’ என்றும் வருகிறது. என் தங்கை பிழை என்கிறாள். எது சரி? இன்னும் கடுமையான சொல் போடலாமா?
– ஆசிரியை, திருகோணமலை

பதில்: தங்கை சொல்வது சரி, இரண்டு இடமும் பிழை. கடுமையான சொல் வேண்டவே வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

‘பிரெஜுடிஸ்’ லத்தீனிலிருந்து வந்த சொல். விசாரிக்கும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுவது என்பது அதன் அடிப்பொருள். முன்பே முடிவுகட்டிய மனம் ஒருவரிடம் இருக்கிறது, அதனால் வரும் பாதிப்பு இன்னொருவர் தலையில் விழுகிறது. மனத்துக்கு ஒரு சொல்லும் பாதிப்புக்கு ஒரு சொல்லும் ஆங்கிலத்தில் தனித்தனியாக உண்டு. பக்கச்சார்பான ஆள் ‘பிரெஜுடிஸ்ட்’, பின்னால் ‘அகெய்ன்ஸ்ட்’ வரும். உங்களுக்குப் பாதகமான முடிவு ‘பிரெஜுடிஷியல்’, பின்னால் ‘டு’ வரும். கடைக்காரர் எழுதியபடி வாசித்தால் பணிப்பாளரே ஒரு பாதகமான பொருள் என்று ஆகிறது.

சோதிக்க ஒரு வழி: அந்த இடத்தில் தமிழில் ‘பாதகமான’ என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் ‘பிரெஜுடிஷியல்’. ‘பக்கச்சார்பான’ பொருந்தினால் ‘பிரெஜுடிஸ்ட்’ அல்லது ‘பயஸ்ட்’. இந்த இரண்டின் கடைசி எழுத்துகளும் பேசும்போது காதில் சரியாக விழாது. அதனால்தான் ‘ஹி இஸ் பயஸ்’, ‘ஹி இஸ் பிரெஜுடிஸ்’ என்று வெட்டி எழுதுகிறார்கள். அது பெயர்ச்சொல். ‘அவர் பக்கச்சார்பு’ என்று எழுதியது போல நிற்கும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சட்டத்தரணி எழுதிய ஏதாவது ஆவணம் உங்கள் கையில் வந்தால் குழம்பிவிடுவீர்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சட்ட ஆங்கிலத்தில் ‘பிரெஜுடிஸ்’ வினையாகவும் வரும், ‘பாதிப்பை உண்டாக்கு’ என்ற பொருளில். ‘தி பெட்டிஷனர் ஹேஸ் பீன் பிரெஜுடிஸ்ட் பை தி டிலே’ என்றால் தாமதத்தால் மனுதாரர் பாதிக்கப்பட்டார் என்று அர்த்தம். அவர் மனத்தில் தப்பெண்ணம் இருக்கிறது என்று அல்ல. அந்த வாக்கியத்தில் ‘பை’ வருவதைக் கவனியுங்கள். ‘பை’ வந்தால் பாதிப்பு, ‘அகெய்ன்ஸ்ட்’ வந்தால் தப்பெண்ணம். கடிதத் தலைப்பில் வரும் ‘விதவுட் பிரெஜுடிஸ்’ என்பதும் இதே குடும்பம்தான். ‘நான் பக்கச்சார்பில்லாமல் எழுதுகிறேன்’ என்று அதற்கு அர்த்தமில்லை. சமரசப் பேச்சில் இதை எழுதுவதால் என் உரிமை எதுவும் குறையாது என்பதே அதன் பொருள். மேன்முறையீட்டின் மேலே அதைப் பதிப்பது தேவையற்றது. அலங்காரத்துக்காக யாராவது போட்டிருந்தால் வெட்டிவிடுங்கள்.

‘டிஸ்கிரிமினேட்டிங்’ இன்னும் மோசம். அது பாராட்டுச் சொல். நல்லது கெட்டது பிரித்தறியும் நுட்பம் உள்ள ரசிகரைச் சொல்ல அதைப் பயன்படுத்துவார்கள். உங்களுக்கு வேண்டியது ‘டிஸ்கிரிமினேட்டரி’, அதாவது பாகுபாடு காட்டும், சட்டத்தமிழில் ஓரங்காட்டும். ‘இன்டிஸ்கிரிமினேட்’ வேறு, அது கண்மூடித்தனமாக எல்லோரையும் ஒரே அடியாக அடிப்பது. காரணமே காட்டாமல் எடுத்த முடிவு ‘ஆர்பிட்ரரி’. உங்களுடைய விஷயத்தில் மிகப் பொருத்தமானது இதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது அந்த 4 பக்கத்துக்கு வருவோம். பெட்டிசம் எழுதித் தருகிறவர்களில் பலர் பக்கக் கணக்கில் காசு வாங்குகிறார்கள். பக்கம் கூட வேண்டுமென்றால் பெயரடை கூட வேண்டும். ‘மாலா ஃபைட்’, ‘வின்டிக்டிவ்’, ‘இன்ஹியூமன்’ என்று அடுக்கிவிடுவார்கள். அவர்கள் கையெழுத்து எங்கும் இருக்காது. கையெழுத்து உங்களுடையது. ‘மாலா ஃபைட்’ என்றால் கெட்ட நோக்கத்தோடு செய்தார் என்ற குற்றச்சாட்டு. எழுதியவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதோடு, அரச ஊழியரின் கடிதம் உரிய வழியில் அதிபர், வலயக் கல்வி அலுவலகம் என்று மேலே போக வேண்டும். நீங்கள் பக்கச்சார்பானவர் என்று பெயர் சொன்னவரின் மேசை வழியாகவே அது போகலாம். ஆகவே பெயரடையை ஆள் மேல் வைக்காதீர்கள், முடிவின் மேல் வையுங்கள்.

உங்களுக்கு வேண்டியது ஒரு பக்கம். முதல் பத்தியில் பட்டியலின் திகதியும் உங்கள் வரிசை இலக்கமும். இரண்டாவதில் உங்கள் 6 வருடமும் மற்றவரின் 2 வருடமும், இருவரும் ஒரே தரம், ஒரே பாடம் என்றால் அதையும். இந்த ஒப்பீடு இல்லாமல் ‘டிஸ்கிரிமினேட்டரி’ என்ற சொல்லுக்குக் கால் இல்லை. அதற்குப் பிறகு ஒரே ஒரு வாக்கியம்: ‘தி டிசிஷன் இஸ் ஆர்பிட்ரரி அண்ட் பிரெஜுடிஷியல் டு மீ.’ கடைசியாக என்ன கேட்கிறீர்கள் என்பது.

அதற்கும் முன் ஒன்று கேட்கிறேன்: ஏன் ஆங்கிலம்? 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழ் அரசகரும மொழியானது. 1988இல் 16ஆம் திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் அதை நிர்வாக மொழியும் ஆக்கியது. இத்தனை வருடத்துக்குப் பிறகும், தமிழில் எழுதினால் கோப்பு நகராது என்ற பயத்தை அலுவலகங்கள் மக்கள் மனத்தில் வளர்த்து வைத்திருப்பது மிகப் பெரிய அநியாயம். அந்தப் பயத்தில்தான் அந்தக் கடைகள் பிழைக்கின்றன. தமிழில் எழுதினால் ‘பாதகமான’, ‘பக்கச்சார்பான’ இரண்டையும் நீங்கள் ஒருநாளும் மாற்றிப் போடமாட்டீர்கள்.

சொல்லைத் திருத்துவதில் நாளைக் கடத்தவும் வேண்டாம். அடிப்படை உரிமை மீறல் என்று அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போவதென்றால் ஒரு மாதம்தான் காலம். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. தமிழில் கொடுங்கள். பட்டியலின் பிரதியை இணைத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.