டேம்பர் திருகியை எத்தனை கிளிக்கில் வைப்பது?

கேள்வி: என் ஸ்விஃப்டில் ஸ்பிரிங்கும் டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) ஒன்றாகச் சேர்ந்த, இறுக்கத்தைத் திருகியால் 32 கிளிக் நிலைகளில் மாற்றக்கூடிய காயிலோவர் பொருத்தியிருக்கிறேன். உயரமும் சற்றுக் குறைக்கப்பட்டுள்ளது. மெக்கானிக் நான்கு சக்கரங்களுக்கும் நடுநிலையாக 16இல் வைத்துக் கொடுத்தார். கோவை நகருக்குள் வேகத்தடைகளில் இடுப்பு நோகிறது. மாதம் ஒருமுறை குடும்பத்தோடு வால்பாறை செல்வோம். அந்த மலைப்பாதையில் இதே இறுக்கம் பிடித்திருக்கிறது. முன்னும் பின்னும் எத்தனையில் வைக்கலாம்?

பதில்: எண்ணைச் சொல்கிறேன். அதற்கு முன், இடுப்பை நோகடிப்பது திருகிதானா என்று பாருங்கள். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் அமுங்கி விரியும் வேகத்தை அடக்குவது மட்டுமே டேம்பரின் வேலை. வேகத்தடையில் 'டம்' என்று ஒரே அடியாக இடித்தால், அமுங்க இடமில்லாமல் டேம்பர் தண்டின் மேலுள்ள ரப்பர் தடுப்பில் போய் மோதுகிறது என்று அர்த்தம். உயரம் குறைத்த கார்களில் இது மிகச் சாதாரணம். அப்போது திருகியை இளக்கினால் மோதல் இன்னும் பலமாகும். பிஸ்டன் தண்டு வெளியே தெரியும் அமைப்பாக இருந்தால், அதில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கமில்லாமல் கட்டி, டேம்பர் உடலின் தலைப்பு வரை இறக்கிவிட்டு ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். டை மேலேறி ரப்பர் தடுப்பைத் தொட்டிருந்தால் முதலில் காரின் உயரத்தைச் சற்று ஏற்றுங்கள். கிளிக் கணக்கு பிறகு.

இன்னொரு வகை இடியைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து ஐந்தாறு வெள்ளைப் பட்டைகள் போட்டிருப்பார்களே, அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். முதல் பட்டை மென்மையாகவும் கடைசிப் பட்டை கடுமையாகவும் இருந்தால், ஸ்பிரிங் விரிவதை டேம்பர் அளவுக்கு மீறிப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் முழுதாக இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. கார் படிப்படியாகத் தாழ்ந்து கடைசியில் ரப்பரில் உட்கார்ந்துவிடுகிறது. இதற்கு மருந்து திருகியை இளக்குவதுதான். உங்கள் காரில் சக்கரத்துக்கு ஒரே திருகி இருந்தால், பெரும்பாலும் அது அமுங்குவதையும் விரிவதையும் சேர்த்தே மாற்றும். சில தயாரிப்புகளில் விரிவதை மட்டும் மாற்றும். கையேட்டைப் பாருங்கள்.

16 நடுநிலை என்பதும் சரியல்ல. திருகி உள்ளே ஓர் ஊசியை நகர்த்தி எண்ணெய் செல்லும் சிறு துளையைத் திறந்து மூடுகிறது. துளை ஏறக்குறைய மூடியிருக்கும்போது ஒவ்வொரு கிளிக்கும் பளிச்சென்று தெரியும். நன்கு திறந்த பிறகு நான்கைந்து கிளிக் திருப்பினாலும் வித்தியாசம் குறைவு. ஆகவே எண்ணுவதை எப்போதும் முழு இறுக்கத்திலிருந்து தொடங்குங்கள். கடிகாரச் சுற்றில் மெதுவாகத் திருப்பி, நிற்கும் இடத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். நின்ற பிறகும் பலம் கொடுத்துத் திருக வேண்டாம். ஊசி முனை கெட்டுவிடும். இடதும் வலதும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும்.

இனி உங்கள் எண். முழு இறுக்கத்திலிருந்து பின்னோக்கி முன்புறம் 22, பின்புறம் 24 என்று தொடங்குங்கள். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. உங்கள் ஸ்பிரிங்கின் விறைப்பைப் பொறுத்து முடிவு வேறாகும். டயர் காற்றை ஓட்டுநர் கதவுச் சட்டத்திலுள்ள ஒட்டியில் சொன்ன அளவுக்குச் சரிசெய்த பிறகே சோதியுங்கள். போக்குவரத்து குறைந்த, மேடு பள்ளம் கலந்த ஒரே சாலையில், ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். மேட்டைத் தாண்டியதும் கார் ஒருமுறை எழுந்து தாழ்ந்து அடங்கிவிட வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் நான்கிலும் இரண்டு கிளிக் இறுக்குங்கள். ஆட்டம் நிற்கும் அந்த எண்தான் உங்கள் இறுக்கத்தின் கீழ் எல்லை. மேலும் இறுக்கிக்கொண்டே போனால், சாலையின் சிறு சொரசொரப்புகூட ஸ்டியரிங்கில் துடிப்பாக ஏறும் ஓர் இடம் வரும். அது மேல் எல்லை. நகரத்துக்குக் கீழ் எல்லையே போதும். அதற்கு மேல் நகருக்குள் இறுக்கி ஓட்டுவதில் எந்த நன்மையும் இல்லை. டயர் தரையை விட்டுத் துள்ளினால் பிரேக் பிடிப்பும் குறையும்.

வால்பாறைக்கு முன்புறத்தில் மூன்று நான்கு கிளிக் இறுக்கிக்கொள்ளுங்கள். ஆழியாறுக்கு மேலேயுள்ள 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் சோம்பாமல் திரும்பும். ஆனால் திருகி, காரின் உடல் சாயும் வேகத்தைத்தான் குறைக்கும். நீண்ட வளைவில் கடைசியாக எவ்வளவு சாயும் என்பதை ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பார் என்ற கம்பியும்தான் தீர்மானிக்கின்றன.

பின்புறத்தைப் பற்றி அழுத்தமாகச் சொல்கிறேன். முன்சக்கர இயக்கமுள்ள கார் வளைவில் சுறுசுறுப்பாகத் திரும்ப, பின்புறத்தை முழுதாக இறுக்கச் சொல்லும் ஆலோசனை பரவலாக இருக்கிறது. பந்தயத் தடத்தில் அதற்கு இடம் உண்டு. மழையில் நனைந்த மலைப்பாதையில், குடும்பத்தோடு, தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் காரின் பின்பகுதி எடை குறைந்தது. அங்கு டேம்பர் இறுகினால் உடைந்த சாலை வளைவில் சக்கரம் துள்ளி, பின்புறம் வெளியே நழுவும். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறும்போது மட்டும் பின்னால் இரண்டு கிளிக் இறுக்கி, இறங்கியதும் பழைய எண்ணுக்குத் திருப்புங்கள்.

கீழ் எல்லையைக் கண்டுபிடித்த பிறகும் நகரில் வலி தொடர்ந்தால், கேபிள் டையும் ரப்பரைத் தொடாமல் இருந்தால், ஸ்பிரிங்கே உங்கள் தேவைக்கு மிஞ்சிய விறைப்பு. அதைத் திருகியால் மறைக்க முடியாது. ஸ்பிரிங்கின் மேல் அச்சிட்டிருக்கும் கிலோ/மில்லிமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே நீளத்திலும் உள்விட்டத்திலும் ஒன்றிரண்டு எண் குறைவான ஜோடி கிடைக்குமா என்று விற்றவரிடம் கேளுங்கள்.