பல்லில் பழுப்புக் கோடு: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போகுமா?

கேள்வி: பென்னாகரம் பக்கம் இருக்கிறோம். ஏழு வயது மகனுக்குப் புதிதாக முளைத்த முன்பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடுமாக இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. 700 அடி போர் தண்ணீர்தான் குடிக்கிறோம். கொதிக்க வைத்துக் கொடுக்கலாமா? இரண்டு வயதில் ஒரு மகளும் இருக்கிறாள்.

பதில்: நீங்கள் சொல்வது தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகமானதால் வரும் பல் ஃபுளோரோசிஸ் போலத்தான் தெரிகிறது. பல் மருத்துவர் ஒருமுறை பார்த்து உறுதிசெய்யட்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற, மிச்சத்தில் அதன் அளவு கூடத்தான் செய்யும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இது பழைய கதை. அடியில் இருப்பது கருங்கல் பாறை. அதிலுள்ள தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைகிறது. மழை குறைந்து, போர் ஆழமாகப் போகப் போக, பாறையோடு வெகுகாலம் கிடந்த தண்ணீர்தான் பெரும்பாலும் மேலே வருகிறது. வெயிலில் காட்டு வேலை செய்கிறவர்கள் குடம் குடமாகக் குடிப்பதால் அவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம். கேன் தண்ணீர் வாங்க அவர்களுக்கு வழியும் இல்லை. ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதுகும் மூட்டும் இறுகிப்போகும். இதற்காகத்தான் காவிரி ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது.

ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. 1.5-ஐத் தாண்டினால் குடிக்கவே வேண்டாம்.

ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதென்றால் அதைக் குடிக்க மட்டும் வைத்துக்கொள்ளாமல், உலைக்கும் குழம்புக்கும் அதையே ஊற்றுங்கள். பல வீடுகளில் தவறுவது இங்கேதான்: குடிப்பது ஆற்றுத் தண்ணீர், சோறு வேகிறது போர் தண்ணீரில். குழாய் வராவிட்டால் மழைநீரைச் சுத்தமாகப் பிடித்து வைக்கலாம், ஆர்.ஓ. மெஷினும் ஃபுளோரைடைக் குறைக்கும். குளிக்க, துணி துவைக்கப் போர் தண்ணீர் போதும். ராகிக் களி, பால், நெல்லிக்காய் தாராளமாகக் கொடுங்கள். டீ வேண்டாம், அதிலும் ஃபுளோரைடு உண்டு.

மகனின் கறை பல்லின் வெளிப்படலமான எனாமலுக்குள்ளேயே படிந்தது. தேய்த்துத் தேய்த்து ஈறைப் புண்ணாக்காதீர்கள். வாயைக் கையால் மறைத்துச் சிரிக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது. வளர்ந்தபின் பல் மருத்துவரால் கறையைப் பெருமளவு மறைக்க முடியும். மகளுக்கு நிலைப்பற்கள் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அவளுக்கு இன்றைக்கே தண்ணீரை மாற்றுங்கள்.