போரில் இடம்பெயர்ந்தவர்களின் மனநிலைக்கு, அவர்கள் போய்ச் சேரும் இடமும் அங்குள்ள ஆட்களும் எவ்வளவு காரணம்?

நிறையவே காரணம். நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன், எங்கள் குடும்பத்திலேயே பார்த்ததைச் சொல்கிறேன்.

1977-இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து ஏராளமான குடும்பங்கள் வடக்கே வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின, 1983-க்குப் பிறகு இன்னும் பலர். என் சித்தப்பா அப்படி இளந்தாரி வயதில் போனவர். அங்கேயே கல்யாணம், அடுத்தவர் வயலில் கூலி, கடைசிவரை கையில் காணி உறுதி (நிலப் பத்திரம்) கிடையாது, போதாததற்கு மலையகத்து ஆட்களை இழிவாகச் சொல்லும் ‘தோட்டக்காட்டான்’ என்ற ஏச்சு வேறு. 2009-இல் முள்ளிவாய்க்காலில் ஷெல் பட்டு இறந்துபோனார். மூத்த மகன் இருக்கிறானா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. சித்தியும் மற்றப் பிள்ளைகளும் வவுனியாவில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, வந்தார்கள்.

சொந்தக்காரர்களிடம் வந்தாச்சு, இனித் தேறிவிடுவார்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஆனால் ஒரே காம்பராவில் (லயத்து அறையில்) இரண்டு குடும்பம், இருமினாலே அடுத்த வீட்டுக்குக் கேட்கும். சித்தி ராத்திரி அலறி எழும்பினால் விடிந்ததும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அதுதான் பேச்சு. செக்ரோலில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் பதிவேட்டில், பெயர் இல்லை, கைக்காசுக்குத்தான் (அன்றாடக் கூலிக்கு) கொழுந்து எடுக்கலாம். அடையாள அட்டையில் கிளிநொச்சி விலாசம், அதனால் விசாரிக்க ஆள் வரும், வந்துபோன மறுநாளே பக்கத்து வீட்டுக்காரர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மலையகத்துப் பையன்களும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போயிருக்கிறார்கள், அந்தப் பயம் சும்மா வந்ததில்லை.

வடக்கில் பல வருசம் மனநல மருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். போர் தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே குலைக்கிறது, அதனால் சிகிச்சையும் ஊரோடு சேர்ந்து நடக்கவேண்டும் என்பார்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையால் சித்திக்குத் தூக்கம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் முகம் மாறியது சாவு வீட்டுக்கு உதவுகிற தோட்டத்து மரண சகாய சங்கத்தில் சேர்ந்த பிறகுதான். சந்தா கட்டுவார், யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய்த் தேத்தண்ணி ஊற்றுவார், ராத்திரி முழுக்க அங்கேயே இருப்பார். எல்லாரும் பரிதாபப்பட்டுப் பார்த்த மனுசி, அப்புறம் எல்லாருக்கும் தேவைப்படுகிற ஆளாகிவிட்டார். காணாமல்போன மகனுக்குக் கருமாதி செய்துவிடச் சொல்லி யாரும் வற்புறுத்தாததும் பெரிய உதவி. உடம்பைப் பார்க்காத தாய் எப்படிச் செய்வாள்?

கவுன்சலிங் வேண்டாம் என்று சொல்லவரவில்லை. நீங்கள் யாருக்காவது உதவ நினைத்தால், அங்கே என்ன நடந்தது என்று முதலில் தோண்டாதீர்கள், கிராம சேவகரிடம் (ஊர் அரசு அலுவலர்) விலாசப் பதிவை மாற்ற அவர்களோடு கூடவே போங்கள். சித்தியின் சின்ன மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவே பழைய பள்ளிக்கூடத்து விடுகைப் பத்திரம் கேட்டு அலையவிட்டார்கள், ஷெல்லடிக்குள் ஓடிவந்த பிள்ளையிடம் அது எங்கே இருக்கும்?