ஒரே எண்ணுக்குள் பல நோய்கள்

கேள்வி: என் மகளுக்கு கோஷே நோய். டிஸ்சார்ஜ் சம்மரியில் இ75.2 என்று போட்டிருக்கிறார்கள். ஃபேப்ரி நோய் உள்ள ஒரு பையனின் சம்மரியிலும் அதே எண். மாற்றிப் போட்டுவிட்டார்களோ?
– வாசகி, சேலம்

பதில்: இல்லை அம்மா, பயப்படாதீர்கள். நோய்களுக்கு எண் தரும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் கோஷே, ஃபேப்ரி, நீமன்-பிக், கிராபே ஆகிய அரிய பரம்பரை நோய்கள் எல்லாமே அந்த ஒரே எண்ணுக்குள்தான் வருகின்றன. மருத்துவப் பதிவறையில் இருந்தபோது நானும் அப்படித்தான் எழுதினேன். அப்புறம் கோஷே நோயாளிகள் எத்தனை பேர் என்று ஒரு டாக்டர் கேட்டு வந்தார். எண்ணை வைத்துப் பிரிக்க வழியில்லை; ஒவ்வொரு ஃபைலாகப் புரட்டினோம். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

1997-இல் பிரான்சில் தொடங்கிய ஆர்ஃபாநெட் என்ற தகவல் தளம், அரிய நோய்களுக்குத் தனி எண் தருகிறது: கோஷேக்கு 355, ஃபேப்ரிக்கு 324. கோஷே நோயை 'குளூக்கோசெரிப்ரோசிடேஸ் குறைபாடு' என்றும் எழுதுவார்கள். பெயர் எதுவானாலும் எண் அதே 355. வெளிநாட்டு ஆய்வாளருக்கும் சட்டென்று புரியும்.

அடுத்த முறை போகும்போது, நோயின் முழுப் பெயர், எந்த வகை, கூடவே 'ஆர்ஃபா 355' என்று ஃபைலில் எழுதித் தரச் சொல்லுங்கள். மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டின் நகலையும் அதோடு வைத்துவிடுங்கள்.