மதிய உணவு வேளைக் கச்சேரியால் என் மகளுக்கு என்ன பயன்?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் மேற்கத்திய இசைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வயலின் பயிலும் உங்கள் மகள், மதிய உணவு இடைவேளையில் நடக்கும் நாற்பது நிமிடக் கச்சேரிக்காக வாரக்கணக்கில் ஒத்திகை பார்க்கிறார் என்றும், கேட்க வருபவர்கள் முப்பது பேரைத் தாண்டுவதில்லை, அவர்களிலும் பாதிப் பேர் கூடப் படிப்பவர்கள், சன்மானமும் கிடையாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு பி.காம். முடித்து வங்கித் தேர்வுக்குத் தயாராகட்டும் என்று அவருடைய அப்பா சொல்வதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் படிக்கும் படிப்பில் பிழைப்புக்கு மிக அருகில் இருக்கும் பகுதி இந்த மதியக் கச்சேரிதான். நிறுத்துவதானால் வேறு எதையாவது நிறுத்தலாம், இதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

கேட்பவர் எண்ணிக்கையை வைத்து இந்த மேடையை எடைபோடக் கூடாது. நம் ஊரிலேயே மார்கழி மாதத்தில் பல சபாக்கள் வளரும் கலைஞர்களுக்கு நண்பகலையும் பிற்பகலையும் ஒதுக்குகின்றன. பெரும்பாலும் அவற்றுக்கு அனுமதிச் சீட்டு கிடையாது, அரங்கமும் நிறைவதில்லை. (கேன்டீனில் நிற்கும் கூட்டத்தில் கால்வாசி உள்ளே வந்தாலே போதும் என்று பாடுபவரின் பெற்றோர் ஏங்கும் நேரம் அது.) ஆனாலும் மாலை மேடைக்குச் செல்லும் வழி பலருக்கு அந்தப் பன்னிரண்டு மணிக் கச்சேரி வழியாகத்தான் இருந்திருக்கிறது. மேற்கத்திய இசையிலும் இந்த வழக்கத்துக்கு மதிப்பான வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர் மூண்டு, இருட்டடிப்பு காரணமாக லண்டனில் மாலைக் கச்சேரிகள் நின்றுபோனபோது, பியானோ கலைஞர் மைரா ஹெஸ் 1939 அக்டோபரில், ஓவியங்கள் அகற்றப்பட்டு வெறுமையாகக் கிடந்த நேஷனல் கேலரியில் மதிய உணவு நேரக் கச்சேரிகளைத் தொடங்கினார். வாரத்தில் ஐந்து நாட்கள், ஒரு ஷில்லிங் கட்டணத்தில், 1946 வரை அவை நடந்தன. தனி வாசிப்பும் சிறு குழு இசையும்தான் அவற்றில் முதன்மை பெற்றன. இன்றும் லண்டன் தேவாலயங்களிலும் அரங்குகளிலும் இசைக் கல்லூரி மாணவர்கள் அதே வேளையில் வாசிக்கிறார்கள்.

இனி உங்கள் மகள் அங்கே என்ன கற்கிறார் என்பதைப் பார்ப்போம். தனி வாசிப்பாக அவர் எடுத்துக்கொண்டிருப்பது ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய, துணைக் கருவி எதுவும் இல்லாத வயலின் படைப்புகளில் ஒன்று. 1720ஆம் ஆண்டிட்ட கையெழுத்துப் படியில் அத்தகைய ஆறு படைப்புகள் உள்ளன. உலகெங்கும் வயலின் நுழைவுத் தேர்வுகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவை அவை. வீட்டில் அதைப் பிழையின்றி வாசிப்பது ஒன்று. சாப்பிட்டுவிட்டு வந்து அமர்ந்திருப்பவர்கள் முன், இடையில் தடுமாறினாலும் நிற்காமல் கடைசிவரை கொண்டுசெல்வது முற்றிலும் வேறு.

ஆனால் நான் அதிகம் மதிப்பது, அதே கச்சேரியில் அவர் நால்வர் குழுவில் சேர்ந்து வாசிப்பதைத்தான். சேம்பர் இசை எனப்படுவது, ஒவ்வொரு கருவிக்கான பகுதியையும் ஒருவரே ஏற்று, கையசைத்து வழிநடத்துபவர் இல்லாமல் சிறு குழுவாக வாசிக்கும் முறை. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 1781இல் எழுதிய ஓபஸ் 33 என்ற தொகுப்பிலிருந்து ஒரு குவார்ட்டெட்டை (இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா, இன்னும் பெரிய செல்லோ ஆகிய நான்கும் சேரும் படைப்பு) இந்தப் பருவத்தில் வாசிக்கிறார்கள் என்றும், மகளுக்கு இரண்டாவது வயலின்தான் கிடைத்தது என்றும் சற்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அது தரவரிசை அன்று. முதல் வயலினுக்கும் செல்லோவுக்கும் நடுவே தாளத்தைப் பிடித்துவைப்பதும், வியோலாவோடு சேர்ந்து இசைக்கு நிறைவு தருவதும், தன்னிடம் மெட்டு வரும் இரண்டு வரிகளில் முன்னே வந்து உடனே பின்வாங்குவதும் அந்த இடத்தின் வேலை. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரு பிசகு பக்கத்து நாற்காலிகளின் ஓசையில் மறைந்துவிடும், இங்கே மறைய இடமில்லை. அடுத்த கச்சேரிக்கு நீங்களே சென்று, கைகள் தெரியும்படி ஓரமாக அமர்ந்து பாருங்கள். முதல் வயலின் வாசிப்பவர் வில்லைச் சிறிது உயர்த்தி மூச்சை இழுக்கும்போதே வேகம் முடிவாகிவிடுகிறது. மற்ற மூவரும் அதே மூச்சில் இறங்கியாக வேண்டும். வெளியே நம் ஊர்ப் புழுக்கம், உள்ளே ஏ.சி. என்பதால் ஒத்திகை அறையில் சேர்த்த சுருதி மேடையில் நிற்காது. ஈரக் காற்றில் இறுகிய பிருடை (தந்தியை முறுக்கும் மரக் குமிழ்) உலர்ந்த காற்றில் நழுவும். படைப்பின் ஒரு பிரிவு முடிந்து அடுத்தது தொடங்கும் முன், பதற்றத்தைக் காட்டாமல் நான்கு பேரும் தந்திகளைச் சரிசெய்துகொள்வதையும் கவனியுங்கள். அதை எந்த வகுப்பறையிலும் சொல்லித்தர முடியாது.

இது எப்படி வேலையாகிறது என்று கேட்பீர்கள். கச்சேரி வருமானத்தை மட்டும் நம்பி இந்தத் துறையில் வாழ்பவர்கள் சென்னையில் மிகக் குறைவு; அதை மறைத்துப் பேசுவதில் நன்மையில்லை. கோடம்பாக்கத்தில் ஒரு பாட்டுக்கு வரிசையாக வயலின் கலைஞர்கள் அமர்ந்து வாசித்த காலம் வேறு; இன்று கணினி ஒலிகளும் வெளிநாட்டு ஆர்க்கெஸ்ட்ராக்களும் அந்த இடத்தைப் பெருமளவு எடுத்துக்கொண்டுவிட்டன. மிச்சமுள்ள ஸ்டூடியோ வேலைக்கு, தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்து, பக்கத்திலிருப்பவரோடு உடனே பொருந்துபவரைத்தான் அழைப்பார்கள். நிலையான சம்பளம் ஆசிரியப் பணியில் இருக்கிறது. சர்வதேசப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு நிலையில் எழுதப்படும் கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வின் இசைப் பாடத்தில் மாணவர் தனியாக ஒரு முறையும் குழுவில் ஒரு முறையும் வாசித்துக் காட்ட வேண்டும். எனவே அந்தப் பாடத்தை நடத்தும் பள்ளிக்கு, குழுவாக வாசித்தும் பயிற்றுவித்தும் பழகிய ஆசிரியர் தேவைப்படுகிறார். உங்கள் மகளின் விண்ணப்பத்தில் இந்த நால்வர் குழு, மதிப்பெண் பட்டியலைவிடப் பயன்படக்கூடிய வரி.

வெளிநாட்டில் மேற்படிப்பு என்ற எண்ணம் இருந்தால் இப்போதே திட்டமிடுங்கள். பிரிட்டன் இசைக் கல்லூரிகள் பலவற்றுக்கு, படிப்பு தொடங்குவதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே, அக்டோபர் தொடக்கத்தில் விண்ணப்பம் முடிந்துவிடுகிறது. பதிவு அனுப்பச் சொல்லும் இடங்களில், இடையில் வெட்டி ஒட்டாத ஒரே ஓட்டமான காணொளியைத்தான் ஏற்பார்கள். ஆகவே ஒவ்வொரு மதியக் கச்சேரியையும், வில்லும் இடது கையும் முகமும் தெரியும்படி ஒரே கோணத்தில், ஓரளவு நல்ல ஒலிவாங்கியோடு பதிவு செய்யச் சொல்லுங்கள். அச்சிட்ட நிகழ்ச்சி நிரலையும், நாள், அரங்கம், படைப்பின் முழுப் பெயர், உடன் வாசித்தவர்கள் ஆகிய விவரங்களோடு ஒரே கோப்பில் சேர்த்து வைக்கட்டும். இசைக் கலைஞர்கள் இந்தக் காகித வேலையில் காட்டும் அலட்சியம் எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

அவருடைய அப்பாவின் யோசனையையும் நான் தள்ளிவிடவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு படிப்பை நேரடியாகவும் மற்றொன்றைத் தொலைநிலை வழியிலும் ஒரே காலத்தில் படிக்கலாம். தொலைநிலைப் படிப்பு அங்கீகாரம் பெற்றதா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். பி.காம். கையில் இருந்தால் வங்கித் தேர்வு எழுதும் வழியும் திறந்திருக்கும், வயலினையும் கீழே வைக்க வேண்டியிருக்காது. ஒரே எச்சரிக்கை: இசைக் கல்லூரித் தேர்வும் பி.காம். தேர்வும் ஒரே மாதத்தில் வரக்கூடும். இரு கால அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அந்த மாதத்தில் மட்டும் கச்சேரி வேண்டாம் என்று மகளே தம் குழுவினரிடம் பருவத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கடைசி வாரத்தில் ஒருவர் விலகினால் மற்ற மூவரின் உழைப்பும் வீணாகும், அடுத்த முறை அவரை அழைக்க மாட்டார்கள்.

கல்லூரியின் பாடத்திட்டத்தையும் இதுவரை நடந்த கச்சேரிகளின் நிரலையும் எடுத்துக்கொண்டு மூவருமாக ஒரு சனிக்கிழமை வாருங்கள். எந்தப் பாடத்தின் சுமையைக் குறைக்கலாம் என்பதை மகளின் வாயாலேயே கேட்டு முடிவு செய்வோம்.