தொலைந்த மோதிரமும் மெட்டல் டிடெக்டரும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: புல்தரையில் பந்து விளையாடும்போது என் கணவரின் தங்க மோதிரம் கழன்று விழுந்துவிட்டது. மெட்டல் டிடெக்டரை வாடகைக்கு எடுத்தோம். அடிக்கு அடி ஒலித்ததால், குப்பையை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனை ஏற்றி வைத்தோம். சத்தம் அடங்கியது, மோதிரம் கிடைக்கவில்லை. கருவி மட்டமானதா?

பதில்: கருவியைக் குறை சொல்ல வேண்டாம். குப்பையோடு சேர்த்து மோதிரத்தையும் ஒதுக்கிவிட்டீர்கள். கருவியின் அடியில் உள்ள வட்டத் தட்டான காயிலின் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அதிலிருந்து திரும்பும் அலை எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதை அளந்துதான் திரையில் எண் காட்டப்படுகிறது. உலோகம் எது என்பதோடு அதன் கனம், அகலம், வடிவம் எல்லாமே அந்த எண்ணில் கலந்திருக்கும். மெல்லிய தங்க மோதிரத்துக்கு, சாக்லேட் சுற்றிவரும் அலுமினியத் தாளின் எண்ணே வரலாம். சற்றுக் கனமானது, குளிர்பான டின்னைத் திறக்கும் வளையத்தின் எண்ணில் வந்து நிற்கும். அவற்றை ஒதுக்கச் சொன்னால் மோதிரமும் போய்விடும். இரும்பை மட்டும் ஒதுக்கி, மற்ற எல்லாவற்றையும் ஒலிக்க விடுங்கள்.

அப்படியானால் அந்த ஓயாத சத்தத்துக்கு என்ன வழி? கருவியின் உணர்திறனான சென்சிடிவிட்டியைப் பாதியாகக் குறையுங்கள். அண்மையில் விழுந்த மோதிரம் மண்ணுக்குள் போயிருக்காது, புல்லின் வேர்ப்பகுதியில்தான் கிடக்கும். ஆழத்தில் பல காலமாகப் புதைந்து கிடக்கும் ஆணியும் தகரமும் உங்களுக்கு வேண்டாதவை. குறைந்த சென்சிடிவிட்டியில் அவை பெரும்பாலும் அடங்கிவிடும். மேலே கிடக்கும் மோதிரமோ உரக்க, தெளிவாக, ஒவ்வொரு வீச்சிலும் அதே இடத்தில் ஒலிக்கும்.

ஏறக்குறைய அதே கனமும் காரட்டும் உள்ள இன்னொரு மோதிரத்தை நூலில் கட்டி அந்தப் புல்லிலேயே போட்டு, என்ன எண் வருகிறது, எப்படி ஒலிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நூலை அவிழ்க்க வேண்டாம். இரண்டாவதையும் தொலைத்தவர்கள் உண்டு. அந்த எண்ணுக்குச் சற்று முன்பின் வந்தாலும் விடாதீர்கள். மோதிரம் சாய்ந்து கிடந்தால் எண் மாறும். செங்குத்தாக நின்றால் ஒலியே பலவீனமாகும்.

அதனால்தான் இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை தேட வேண்டும். குச்சி நட்டுக் கயிறு கட்டி ஒரு மீட்டர் அகலத்தில் வரிசை பிரியுங்கள். காயிலைப் புல்லை உரசும்படி தரைக்கு இணையாகப் பிடித்து நிதானமாக வீசுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். வீச்சின் இரு முனைகளிலும் கை தானாகவே மேலே போகும். பலருக்கு மோதிரம் தப்புவது அங்கேதான். தேடுபவர் தன் மோதிரம், வளையல், உலோகம் வைத்த காலணி ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, கைப்பேசியையும் தள்ளி வைப்பது அவசியம்.

ஒலித்ததும் தோண்ட ஓடாதீர்கள். முதலில் விரலால் புல்லை விலக்கிப் பாருங்கள். கையடக்கப் பின்பாயிண்டர் இருந்தால் இடம் துல்லியமாகத் தெரியும். தோண்டியே ஆக வேண்டும் என்றால் இடத்தின் உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள். புல்லை மூன்று பக்கம் மட்டும் வெட்டி மூடிபோலப் புரட்டினால், திரும்ப மூடும்போது வேர் பிடித்துக்கொள்ளும். தேடி முடியும்வரை அங்கே புல்வெட்டும் இயந்திரம் ஓடக்கூடாது.

கேள்வி: கைப்பேசியில் மெட்டல் டிடெக்டர் செயலி இருக்கிறதே, அது போதாதா?

பதில்: போதாது. அந்தச் செயலி, திசைகாட்டிக்காகக் கைப்பேசியில் உள்ள காந்தமானியைப் பயன்படுத்துகிறது. இரும்புக்கு அது அசையும். தங்கம், வெள்ளி, பிளாட்டினம் எதற்கும் அசையாது. கயிற்றில் காந்தம் கட்டித் தேடுவதும் இதே காரணத்தால் வீண்.

கேள்வி: கடலில் குளிக்கும்போது மோதிரம் போய்விட்டது. ஈர மணலில் டிடெக்டர் இடைவிடாமல் கத்துகிறது. ஏன்?

பதில்: உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் ஒற்றை அதிர்வெண் கருவி அதையே உலோகமாக எடுத்துக்கொள்கிறது. அந்த ஒலியை ஒதுக்கினால், அதே வரம்பில் வரும் மெல்லிய தங்கமும் மறைந்துவிடும். பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் இயங்கும் கருவியோ, மின்சாரத்தைத் துடிப்புகளாக விட்டுவிட்டு அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷன் கருவியோ வாங்குங்கள். பல்ஸ் இண்டக்‌ஷன் இரும்பைப் பெரும்பாலும் பிரித்துக் காட்டாது. ஒலிக்கும் ஒவ்வோர் இடத்தையும் தோண்டிப் பார்க்கும் பொறுமை வேண்டும். ஒற்றை அதிர்வெண் கருவிதான் கையில் இருக்கிறது என்றால், ஈர மணலின் மேலேயே கிரவுண்ட் பேலன்ஸ் செய்து (தரையால் வரும் ஒலியைக் கருவி பொருட்படுத்தாதபடி சரிசெய்து), சென்சிடிவிட்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நாள் கடத்தக் கூடாது. மணலைவிடத் தங்கம் பலமடங்கு அடர்த்தியானது. அலை மணலைக் கலக்கும்போதெல்லாம் மோதிரம் கீழே இறங்கும், கிளிஞ்சல் படுகையோ களிமண்ணோ தடுக்கும்வரை. அடுத்த நீர்வற்றத்திலேயே தேடுங்கள். நின்று குளித்த இடத்தைக் கரையில் உள்ள இரண்டு நிலையான அடையாளங்களை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நீரில் இறங்குமுன் ஒரு எச்சரிக்கை: பல கருவிகளில் காயில் மட்டுமே நீர்புகாதது, திரையும் பேட்டரியும் உள்ள பெட்டி நனைந்தால் பழுதாகிவிடும்.

கேள்வி: மெல்லிய தங்கச் சங்கிலி தோட்டத்தில் விழுந்துவிட்டது. மோதிரத்தைவிட நீளமானது, சுலபமாகக் கிடைக்கும் அல்லவா?

பதில்: சங்கிலிதான் கடினம். மோதிரம் முழு வளையமாக இருப்பதால் சுழல் மின்னோட்டம் தடையின்றி ஓடும். சங்கிலியில் கண்ணிக்குக் கண்ணி தொடர்பு சரியாக இராது. கருவிக்கு அது ஒரே பொருளாகத் தெரியாமல், சிறுசிறு கண்ணிகளாகவே தெரியும். கொக்கியோ பதக்கமோ ஒலித்தால் உண்டு. 15 சென்டிமீட்டர் அளவிலான சிறிய காயில், அதிக அதிர்வெண், மெதுவான வீச்சு மூன்றும் வேண்டும். வெட்டுப்பட்டு வாய் திறந்த மோதிரத்துக்கும் இதே நிலைதான்.

கேள்வி: வீட்டுக்குள் தேட முடியுமா?

பதில்: கான்கிரீட் தரையில் உள்ள கம்பி எல்லா இடத்திலும் ஒலிக்கும். மெத்தை, துணிமூட்டை, இலைக்குவியல் போன்றவற்றைத் தரையிலிருந்து தூக்கி மர மேசைமேல் வைத்து, காவலர்கள் வைத்திருக்கும் கையடக்கக் கருவியால் தடவிப் பாருங்கள். சில சென்டிமீட்டருக்கு அப்பால் அது எட்டாது, ஆகவே குவியலைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.